வாசகர் கேள்விகள்: பாவ்லோவ்ஸ்க் போகிறவர்களுக்கு

சென்ற மாதம் ரஷ்யப் பயணம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, போகிறபோக்கில் பாவ்லோவ்ஸ்க் என்ற பெயரைச் சொல்லிவிட்டேன். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குத் தெற்கே, பேரரசர் குடும்பத்தின் கோடைக்கால மாளிகையும் அதைச் சுற்றி சுமார் 600 ஹெக்டேர் பூங்காவும் உள்ள ஊர் என்று இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதங்கள் வந்ததில் எனக்குச் சொல்ல முடியாத மகிழ்ச்சி. பீட்டர்ஸ்பர்க்கின் பெயர் லெனின்கிராடு என்று இருந்த 1980களில் அங்கே பொறியியல் படித்தேன். பல ஞாயிற்றுக்கிழமைகளை பாவ்லோவ்ஸ்க் பூங்காவில்தான் கழித்தேன். படிப்பு முடிந்து திரும்பிய பிறகும் இரண்டு முறை போய்வந்துவிட்டேன். ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதும் பாவ்லோவ்ஸ்க்குக்கே.

எங்களுக்கு பீட்டர்ஸ்பர்க்கில் நான்கே நாள். சார்ஸ்கொயே செலோவையும் பாவ்லோவ்ஸ்க்கையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்கிறார் பயண ஏற்பாட்டாளர். முடியுமா?
— குடும்பத்தோடு கிளம்பும் ஒரு வாசகி

முடியும். சார்ஸ்கொயே செலோவும் பேரரசர் மாளிகை உள்ள ஊர்தான். இரண்டுக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

படிப்பு முடிந்து திரும்பிய பிறகு முதல் முறை போனபோது நானும் ஒரு குழுவோடுதான் போனேன். காலையில் சார்ஸ்கொயே செலோவில் நீல மாளிகை, பொன் அலங்காரம், அம்பர் அறை, நீண்ட வரிசை. கண் கூசிப்போன நிலையில் மாலை நான்கு மணிக்கு பாவ்லோவ்ஸ்க்கில் இறக்கிவிட்டு, ஐம்பது நிமிடத்தில் பஸ்ஸுக்குத் திரும்பச் சொன்னார் வழிகாட்டி. குழுவில் இருந்தவர்கள் மாளிகை வாசலில் நிற்கும் பேரரசர் பாவெலின் சிலையைப் படமெடுத்துக்கொண்டு, "இங்கே பெரிதாக ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விருந்தில் வயிறு முட்டச் சாப்பிட்டவர் முன் இளநீரை வைத்தால் அதன் ருசி அவருக்கு எப்படித் தெரியும்?

நான்கு நாளில் ஒரு நாளை பாவ்லோவ்ஸ்க்குக்கென்றே ஒதுக்குங்கள். அதற்கு இடமில்லை என்றால் இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். எதை விடுவது என்று என்னைக் கேட்டால், நான் பாவ்லோவ்ஸ்க்கை விட மாட்டேன்.

வாடகைக் காரும் வேண்டியதில்லை. விதெப்ஸ்கி ரயில் நிலையத்திலிருந்து 'எலெக்த்ரிச்கா' என்று அவர்கள் அழைக்கும் மின்சார ரயில் போகிறது. அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். மெட்ரோவில் நீல வழித்தடத்தின் தெற்கு முனையான கூப்சினோவில் இறங்கியும் அதே ரயிலைப் பிடிக்கலாம். முதலில் சார்ஸ்கொயே செலோ நிலையம் வரும். பாதிப் பேர் இறங்குவார்கள். நீங்கள் இறங்காதீர்கள். அடுத்து வரும் பாவ்லோவ்ஸ்க் நிலையத்துக்கு எதிரிலேயே பூங்காவின் வாசல். அங்கே பூங்காவுக்கு மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு மரங்களுக்கு நடுவே நடந்தே மாளிகைக்குப் போங்கள். இருபது, இருபத்தைந்து நிமிட நடை. மாளிகை வாசல்வரை காரில் போய் இறங்குகிறவர்களுக்கு இந்த நடை கிடைப்பதில்லை.

படங்களைப் பார்த்தேன். பூச்செடி வரிசை இல்லை, நீரூற்று இல்லை. ஓர் ஆறு, புல்வெளி, மரங்கள். காடு போலத்தான் இருக்கிறது. அங்கே எதைப் பார்ப்பது?
— தோட்டக்கலை ஆர்வமுள்ள ஒரு வாசகர்

உங்கள் கேள்வியிலேயே அந்தப் பூங்காவின் வெற்றி இருக்கிறது. காடு போலத் தெரிய வேண்டும் என்றுதான் ஐம்பது ஆண்டுகள் பாடுபட்டார்கள்.

1777-இல் தன் பேரன் அலெக்சாந்தர் பிறந்த மகிழ்ச்சியில், மகன் பாவெலுக்கும் மருமகள் மரியா பியோதரொவ்னாவுக்கும் பேரரசி இரண்டாம் கேத்தரின் இந்த நிலத்தைப் பரிசாகக் கொடுத்தார். ஸ்லவ்யான்கா என்ற சிற்றாறும் காடும் சதுப்பும்தான் அப்போது அங்கே இருந்தவை. கேத்தரின் அனுப்பிவைத்த ஸ்காட்லாந்துக் கட்டடக்கலைஞர் சார்லஸ் கேமரூன் மாளிகையை மேட்டின் விளிம்பில் எழுப்பினார். ஆற்றுப் பள்ளத்தில் ஆங்கிலப் பாணியில் பூங்காவை வகுத்தார். அளவுகோல் வைத்த நேர்ப்பாதையும், கத்தரித்து உருட்டிய புதர்களும் இல்லாத பாணி அது. பாதை வளைந்து போகும். ஒவ்வொரு வளைவிலும் முன்பு தெரியாத ஒன்று தெரியும். ஆற்றை அங்கங்கே அணைகட்டித் தேக்கியிருப்பதால் சில இடங்களில் அது ஏரி போல விரிந்து கிடக்கும். அணை கண்ணில் படாது.

மாளிகைக்குக் கீழே பள்ளத்தில் இறங்கினால் ஆற்று வளைவில் வட்டமான ஒரு கோயில் நிற்கும். 'நட்புக் கோயில்' என்று பெயர். பதினாறு தூண்கள். ரஷ்யாவில் கிரேக்க டோரிக் பாணித் தூண்களை வைத்து எழுந்த முதல் கட்டடம். கரையோரமாகவே நடந்து பாருங்கள். ஒரு வளைவில் நேரே நிற்கும். அடுத்த வளைவில் மரங்களுக்குள் மறைந்துபோகும். பிறகு நீரில் தலைகீழாகத் தெரியும். ஒரே கோயிலைப் பலமுறை பார்த்த உணர்வு வரும்.

கேமரூனுக்குப் பின் இத்தாலியர் வின்சென்சோ பிரென்னா வந்தார். 'பழைய சில்வியா' என்ற பகுதி அவர் வகுத்தது. நடுவில் அப்பல்லோ, சுற்றிலும் கலைத் தேவியர் உள்ளிட்ட பன்னிரண்டு வெண்கலச் சிலைகள், பன்னிரண்டு பாதைகள் அங்கிருந்து பிரிகின்றன. எந்தப் பாதையில் வந்தோம் என்று குழம்பாதவர் அரிது. நானும் என் தோழிகளும் ஒருமுறை அங்கே வழி தவறிச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நாய்க்குட்டியோடு வந்த ஒரு பாட்டியின் பின்னாலேயே நடந்து வெளியே வந்தோம்.

என் மனத்துக்கு மிக நெருங்கியவர் மூன்றாமவர்: பியெத்ரோ கொன்ஸாகா. அவரும் இத்தாலியரே. தோட்டக்காரர் அல்லர், நாடக மேடைக்குத் திரை எழுதிய ஓவியர். மேடையில் ஆழத்தையும் தூரத்தையும் காட்டுகிற வித்தையை மரங்களை வைத்துச் செய்தார். வெளிர்ப் பச்சை பிர்ச்சுக்குப் பின்னால் கரும்பச்சை ஸ்ப்ரூஸ், ஓரத்தில் ஒற்றைப் பைன், நடுவில் வெறும் புல்வெளி. வெட்ட வேண்டிய மரம் எது, நிற்க வேண்டிய மரம் எது என்று சாயம் பூசி அடையாளமிட்டுக்கொண்டே காட்டுக்குள் நடந்தார் என்று சொல்வார்கள். அவர் செய்ததில் பாதி வேலை நடுவது; மறுபாதி வெட்டி எடுப்பது. தேவையில்லாததை நீக்கி நீக்கி ஓவியத்தை வெளியே கொண்டுவந்தார். 'வெண் பிர்ச்' என்ற பகுதி முழுவதும் அவர் கை. பூங்காவிலேயே பெரிய பகுதி அதுதான். பயணிகள் குறைவாகப் போவதும் அங்கேதான். வட ரஷ்யாவின் சாதாரணக் காட்டு மரங்களைத் தவிர வேறு எதுவும் அங்கே இல்லை. அவற்றை எங்கே நிறுத்துவது என்பதில்தான் அவர் கலை இருந்தது.

'அணிவகுப்புத் திடல்' என்ற பெயரைக் கேட்டு அதைத் தவிர்த்துவிடாதீர்கள். பாவெலுக்குப் படைப் பயிற்சி என்றால் உயிர். மாளிகைக்குப் பக்கத்திலேயே பொட்டல் வெளியாக ஒரு மைதானம் வைத்து வீரர்களை நடக்கவிட்டுப் பார்ப்பார். அவர் இறந்த பிறகு, மரியா பியோதரொவ்னா அதைக் கொன்ஸாகாவிடம் ஒப்படைத்தார். முரசும் ஆணைக்குரலும் கேட்ட இடத்தில் இன்று மரக்கூட்டங்களும் புல்வெளியும் இருக்கின்றன.

பாவ்லோவ்ஸ்க் பூங்காவின் அப்பல்லோ தூண்வரிசை இரண்டாம் உலகப் போரில் இடிந்தது என்று முன்பு ஓர் இதழில் எழுதியிருந்தீர்கள். அது தவறு என்று நினைக்கிறேன்.
— சோவியத் காலத்தில் அங்கே பணியாற்றிய ஒரு வாசகர்

நீங்கள் சொல்வதே சரி, திருத்தியதற்கு நன்றி. அது இடிந்தது 1817-இல். புயலும் மழையும் வந்து, மேட்டின் மண் சரிந்து, வட்டத் தூண்வரிசையின் ஒரு பக்கம் விழுந்தது. பழுதுபார்க்க வந்தவர்களை மரியா பியோதரொவ்னா தடுத்துவிட்டார். விழுந்த கற்கள் சரிவில் கிடந்தபடி கிடக்க, திறந்த பக்கத்தில் அப்பல்லோ நிற்பதுதான் முன்னைவிட அழகு என்று அவருக்குத் தோன்றியது. ஆற்றின் மறுகரையில் நின்று பார்த்தால் அவர் ரசனையின் அருமை புரியும். அக்காலத்தில் பணம் செலவழித்துப் பொய்யான இடிபாடுகளைக் கட்டுவார்கள். பாவ்லோவ்ஸ்க்கிலேயே 'பில் கோபுரம்' அப்படிப்பட்டது. காரை உதிர்ந்த பழைய ஆலை போலத் தெரியவேண்டும் என்று கொன்ஸாகா அதன் சுவரில் வண்ணம் தீட்டினார். தூண்வரிசைக்கோ இயற்கையே அந்த வேலையைச் செய்துகொடுத்தது.

போரில் எரிந்துபோன மாளிகை என்கிறார்கள். அப்படியானால் இன்று பார்ப்பது போலிதானே? அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா?
— வரலாறு படிக்கும் ஒரு மாணவர்

தம்பி, இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1941 கோடையில் ஜெர்மன் படை நெருங்கியபோது அங்கே இருந்த அருங்காட்சியகப் பணியாளர்கள் பெரும்பாலும் பெண்கள். இயக்குநர் ஆன்னா செலனோவாவுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அவர்கள் இரவு பகலாகப் பெட்டி கட்டினார்கள். எல்லாவற்றையும் அனுப்ப முடியாது என்பது தெரியும். ஒரே வகை நாற்காலி பல இருந்தால் மாதிரிக்கு ஒன்றிரண்டையாவது அனுப்பினார்கள். திரைச்சீலையிலும் பட்டுத் துணியிலும் துண்டு வெட்டி வைத்துக்கொண்டார்கள். பழங்காலக் கிரேக்க, ரோமானியச் சிலைகளை நிலவறையில் நிறுத்திச் செங்கல் சுவர் எழுப்பி மறைத்தார்கள். பூங்காச் சிலைகளை மண்ணில் ஆழமாகப் புதைத்தார்கள். செப்டம்பரில் எதிரிப்படை உள்ளே நுழைந்தபோது செலனோவா மாளிகையின் வரைபடங்களைச் சுமந்துகொண்டு நடந்தே லெனின்கிராடு போய்ச் சேர்ந்தார்.

ஆக்கிரமிப்பு 1944 ஜனவரி வரை நீடித்தது. மீட்கப்பட்டபோது மாளிகை எரிந்துகொண்டிருந்தது. கூரையும் குவிமாடமும் போய்விட்டன. பாலங்கள் தகர்க்கப்பட்டிருந்தன. பூங்காவில் சுமார் 70,000 மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. கொன்ஸாகா ஒவ்வொன்றாகத் தேர்ந்து நிறுத்திய மரங்களும் அவற்றில் இருந்தன.

அந்தச் சமயத்தில் நாட்டில் மக்களுக்கே வீடில்லை, ரொட்டி இல்லை. ஆனாலும் அவர்கள் மாளிகையின் சாம்பலைச் சலித்தார்கள். உடைந்த சுதை வேலைப்பாட்டுத் துண்டுகளைப் பொறுக்கி, எது எந்தச் சுவரில் இருந்தது என்று பிரித்து வைத்தார்கள். காப்பாளர் அனத்தோலி கூச்சுமொவ் கொள்ளைபோன பொருள்களைத் தேடிப் பால்டிக் நாடுகளுக்கும் பெர்லினுக்கும் அலைந்தார். செலனோவா காத்த வரைபடங்களை வைத்து, மாதிரித் துண்டுகளை வைத்து, பழைய முறையிலேயே பட்டு நெய்தார்கள், மரம் இழைத்தார்கள், பொன் இழை ஒட்டினார்கள். 1957-இல் முதல் அறைகள் திறந்தன. வேலை முழுதாக முடிய 1970களின் இறுதி ஆயிற்று. நகரைச் சுற்றியிருந்த அரச மாளிகைகளில் முதலில் முழுமையாக மீண்டது இதுதான். மரச்சாமான், ஓவியம், சிலை, கடிகாரம் என்று நீங்கள் பார்க்கும் பொருள்களில் மிகப் பெரும்பாலானவை அன்று பெட்டியில் போய்த் திரும்பிவந்தவை. அவை மூலப் பொருள்களே. அவற்றைச் சூழ்ந்த சுவரும் கூரையும் மறுபடி செய்தவை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 1803-இலேயே இந்த மாளிகை ஒரு முறை எரிந்திருக்கிறது. கட்டடக்கலைஞர் வொரொனீஹின் அதை மீட்டுக்கட்டினார். 1941-இல் அந்தப் பெண்கள் காப்பாற்றப் போராடியதே ஒரு முறை எரிந்து எழுந்த மாளிகையைத்தான். ஆகவே போலி என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன்.

எங்களுக்கு ரஷ்ய மொழி கற்பித்த ஆசிரியை லெனின்கிராடு முற்றுகையில் உயிர்பிழைத்தவர். முதல் ஆண்டு இலையுதிர்காலத்தில் எங்கள் வகுப்பை பாவ்லோவ்ஸ்க்குக்கு அழைத்துப்போனவர் அவர்தான். ஓரிடத்தில் நின்று, தன் தொடையளவு பருமனுள்ள ஒரு லிண்டன் மரத்தின் மேல் கைவைத்து, "இந்த வரிசைக்குக் குழி வெட்டியவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு உன் வயது, மகளே" என்றார். குச்சி போல இருந்ததாம் கன்று. தான் நடும் மரம் நிழல் தருவதைத் தாங்கள் யாரும் பார்க்கப்போவதில்லை என்று நினைத்தே நட்டார்களாம். அந்த ஆண்டு நாங்கள் அதன் நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் வேகவைத்த முட்டையும் சாப்பிட்டோம்.

பேரரசர் பாவெல் பைத்தியக்காரர் என்று படித்தேன். அவரைப் போன்றவரின் வீடு இவ்வளவு அமைதியாக எப்படி இருக்கும்?
— ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்

ஐயா, அந்த அமைதி அவருடையது அன்று. மனைவியுடையது. ஜெர்மனியின் வ்யூர்ட்டம்பெர்க் அரச குடும்பத்தில் பிறந்து, பதினாறு வயதில் ரஷ்யாவுக்கு மருமகளாக வந்தவர் மரியா பியோதரொவ்னா. 1781, 82-இல் கணவரோடு ஐரோப்பா சுற்றியபோதும் மனம் முழுவதும் இங்கேதான் இருந்தது. எந்த ஊரில் இருந்தாலும், எதை எங்கே நட வேண்டும், எந்த அறை எப்படி இருக்க வேண்டும் என்று இங்கே இருந்த நிர்வாகிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். பாரிஸில் பிரெஞ்சு அரச தம்பதியர் அவருக்குப் பரிசளித்த செவ்ர் பீங்கான் ஒப்பனைப் பொருள்கள் இன்றும் மாளிகையில் இருக்கின்றன. ஆனால் அதைவிட எனக்குப் பிடித்தவை அவர் தன் கையாலேயே கடைசல் இயந்திரத்தில் கடைந்த தந்தப் பொருள்கள். பத்துக் குழந்தைகளைப் பெற்றவர் கடைசலும் பழகியிருக்கிறார்.

மேல்மாடியில் இத்தாலிய மண்டபம், கிரேக்க மண்டபம் ஆகியவற்றைத் தாண்டியதும் ஒரு பக்கம் 'போர் மண்டபம்'; மறுபக்கம் 'அமைதி மண்டபம்'. பாவெலின் அறைகள் இருக்கும் பக்கத்தில் கேடயமும் ஈட்டியும் சுவரில் செதுக்கிய போர் மண்டபம். மரியாவின் பக்கத்தில் பூவும் இசைக்கருவியும் உழவுக் கருவியும் செதுக்கிய அமைதி மண்டபம். இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். எதிரெதிரே நின்று மாறிமாறிப் பாருங்கள். அந்தத் திருமண வாழ்க்கை விளங்கிவிடும்.

1801 மார்ச்சில் பாவெல் பீட்டர்ஸ்பர்க்கில் தன் புதிய கோட்டை மாளிகையில் கொலையுண்டார். மரியா அதன் பிறகு 27 ஆண்டுகள் வாழ்ந்தார். பூங்காவின் இருண்ட ஊசியிலைக் காட்டுக்குள் கணவருக்கு ஒரு நினைவுக் கோயில் எழுப்பினார். முகப்பில் 'கணவருக்கு, நன்மை செய்தவருக்கு' என்று எழுதியிருக்கும். உள்ளே சிற்பி மார்த்தொஸ் செய்த சிலை: சாம்பற்கலசத்தின் மேல் தலைசாய்த்து முழங்காலிட்டு அழும் ஒரு பெண். பாவெலின் உடல் அங்கே இல்லை. அது நகரக் கோட்டையிலுள்ள தேவாலயத்தில் இருக்கிறது. நான் போனபோதெல்லாம் கதவு பூட்டியிருந்தது. கம்பிக்கிடையே கண்ணை வைத்துப் பார்த்தேன்.

குழந்தைகளுக்கும் அவர் பூங்காவில் இடம் வைத்திருந்தார். ஒவ்வொரு பிறப்புக்கும் திருமணத்துக்கும் ஒரு மரம் நட்டு வளர்த்த 'குடும்பத் தோப்பு' ஆற்று வளைவில் இருக்கிறது. பேரரசின் பெருமையைச் சொல்ல வேண்டிய இடத்தில் தாயின் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்துப்போகலாமா?
— தாயைப் பேணும் ஒரு மகன்

அழைத்துப்போங்கள், ஆனால் ஆற்றுப் பள்ளத்தில் இறக்காதீர்கள். இறங்குவது எளிது, ஏறுவது கடினம். படிகளும் சரிவும் நிறைய. மாளிகைக்கு எதிரே நீளும் மூன்று சாலை லிண்டன் நிழல்பாதை சமதளம். அங்கேயே பெஞ்சுகள் இருக்கின்றன. மாளிகையை ஒட்டிய 'சொந்தத் தோட்டம்' மரியா பியோதரொவ்னா தன் அறையிலிருந்து நேரே இறங்கி நடக்கச் செய்த மலர்த்தோட்டம். அது கோடையில் அம்மாவுக்குப் போதும். தோட்டக்கலை ஆர்வமுள்ள வாசகர் கேட்ட பூச்செடி வரிசையும் அங்கே உண்டு. மாளிகைக்குள் மேல்மாடி ஏற வேண்டியிருக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காலணிமேல் உறை மாட்டச் சொல்வார்கள். பிளாஸ்டிக் உறை வழுக்கும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் படித்த காலத்தில் பெரிய கம்பளித் துணிச் செருப்புகளைக் குவித்துவைத்திருப்பார்கள். அதை மாட்டிக்கொண்டு பல வண்ண மரத் தரையில் சறுக்கிச் சறுக்கியே அறை அறையாகப் போவோம்.

எந்த மாதம் நல்லது?
— பல வாசகர்கள்

செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும். மேப்பிளும் பிர்ச்சும் லிண்டனும் மஞ்சளாகும்; ஊசியிலை மரங்கள் மட்டும் கரும்பச்சையாக நிற்கும். கொன்ஸாகா கணக்குப் போட்டது அந்த இரண்டு வாரத்துக்காகத்தானோ என்று தோன்றும். உள்ளூர்க்காரர்கள் விழுந்த மேப்பிள் இலைகளால் கிரீடம் பின்னிக் குழந்தைகளின் தலையில் வைப்பார்கள். மழைச்சட்டையும் நனையாத காலணியும் கட்டாயம்.

ஜூனில் வெண்ணிற இரவுகள். பகல் முடியவே முடியாது, பச்சைக்கும் குறைவில்லை. கொசு உண்டு. குளிர்காலத்தில் ஸ்லவ்யான்கா உறைந்துவிடும். மாளிகைச் சரிவில் குழந்தைகள் பனிச்சறுக்கு வண்டியில் இறங்குவார்கள், பெரியவர்கள் பனிச்சறுக்குக் கட்டையில் காட்டுக்குள் போவார்கள். அழகுதான், ஆனால் டிசம்பரில் பகல் சுமார் ஆறு மணி நேரம்தான். ஏப்ரலைத் தவிர்த்துவிடுங்கள். பனி உருகி, சேறு. மரத்தில் இலை இருக்காது.

எட்டு வயது மகனுக்கு மாளிகை சலிக்காதா?
— ஒரு தாய்

மாளிகை சலிக்கும். பூங்கா சலிக்காது. காரணம், அணில்கள். முதுகில் கோடு இல்லாத, காதில் குஞ்சம் வைத்த செந்நிற அணில்கள். மரத்தடியில் நின்று "பேல்கா, பேல்கா" என்று கூப்பிட்டுக் கையை நீட்டினால் இறங்கிவந்து விரல் நுனியில் கால் வைத்துக் கொட்டையை எடுத்துப்போகும். உப்பும் வறுவலும் இல்லாத பைன் கொட்டை, ஹேசல் கொட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பச்சைச் சூரியகாந்தி விதை இருந்தால் சிட்டுக்குருவியைவிடச் சிறிய பறவைகள்கூட உள்ளங்கையில் வந்து உட்காரும். ரொட்டி, பிஸ்கட் வேண்டாம். பையனைச் சத்தமில்லாமல் நிற்கச் சொல்லுங்கள். அந்தப் பூங்காவில் அவன் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே ஒழுங்கு அதுதான்.

ரஷ்ய மொழியில் ரயில் நிலையத்துக்கு 'வக்ஸால்' என்ற பெயர் பாவ்லோவ்ஸ்க்கிலிருந்து வந்தது என்பது உண்மையா?
— மொழியார்வலர் ஒருவர்

லண்டனில் வாக்ஸ்ஹால் என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. அதைப் பின்பற்றி இசை கேட்டு மகிழும் பொழுதுபோக்குக் கூடங்களை ரஷ்யர்களும் 'வக்ஸால்' என்றே அழைத்தார்கள். ரஷ்யாவின் முதல் பொது ரயில்பாதை 1837-இல் பீட்டர்ஸ்பர்க்குக்கும் சார்ஸ்கொயே செலோவுக்கும் இடையே ஓடத் தொடங்கி, அடுத்த ஆண்டு பாவ்லோவ்ஸ்க் வரை நீண்டது. அதன் கடைசி நிறுத்தத்தில், பூங்காவுக்குள்ளேயே, ஒரு வக்ஸாலைக் கட்டினார்கள். ரயிலில் ஏற அஞ்சிய மக்களை இசையைக் காட்டி இழுத்தார்கள். இறங்கும் இடமும் இசைக்கூடமும் ஒன்றாக இருக்கவே அந்தச் சொல் ரயில் நிலையத்துக்கு ஒட்டிக்கொண்டது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1856 முதல் பல கோடைகள் வியன்னாவின் யோஹான் ஸ்ட்ராஸ் வந்து அங்கே இசைக்குழு நடத்தினார். அந்தக் கூடம் போரில் அழிந்தது, மறுபடி கட்டவில்லை. நிலையத்திலிருந்து பூங்காவுக்குள் நுழைந்ததும் அது இருந்த இடத்தைத் தாண்டித்தான் நடப்பீர்கள்.

விசா, பணம், சாப்பாடு?
— கவலையுள்ள ஒரு வாசகர்

இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து மின்னணு விசா உண்டு. விசா, மாஸ்டர்கார்டு என்ற அட்டை நிறுவனங்கள் 2022-இல் ரஷ்யாவில் சேவையை நிறுத்திவிட்டதால் நம் வங்கி அட்டைகள் அங்கே செல்லாது. ரொக்கமாகக் கொண்டுபோய் அங்கே வங்கியில் ரூபிளாக மாற்றிக்கொள்ளுங்கள். அந்த நாட்டு அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை ஒன்று, மாதத்தில் 'சுகாதார நாள்' என்று இன்னொன்று. கிளம்புமுன் அந்த இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாளிகை மூடியிருந்தாலும் பூங்கா திறந்திருக்கும் என்பதால் பெரிய நட்டமில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் முட்டைக்கோசு அல்லது உருளைக்கிழங்கு வைத்த 'பிரஷோக்' என்ற பூரண ரொட்டியைக் கேட்டு வாங்கலாம். உள்ளே என்ன என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

அங்கே உங்களுக்கு மிகப் பிடித்த ஒரே ஓர் இடத்தைச் சொல்லுங்கள்.
— பல்லாண்டு வாசகி

'புதிய சில்வியா' என்ற பகுதியில், மரங்களுக்கு நடுவே ஒற்றைத் தூண் ஒன்று நிற்கிறது. அதன் பெயர் 'உலகத்தின் முடிவு'. ஒருகாலத்தில் பூங்கா அங்கே முடிந்தது. அதற்கப்பால் காடு. கடைசியாகப் போனபோது என் ஆசிரியை உயிரோடு இல்லை. ஓர் அக்டோபர் மதியம் தனியாக அந்தத் தூண்வரை நடந்தேன். வழியில் அவர் காட்டிய லிண்டன் வரிசையைத் தேடினேன். எந்த மரம் என்று அடையாளம் தெரியவில்லை. எல்லாம் ஒரே உயரத்துக்கு வளர்ந்து, ஒன்றின் கிளை மற்றொன்றில் பின்னிக்கிடந்தது. ஒரு மரத்தைத் தொட்டுவிட்டு வந்தேன். அதுவாகவும் இருக்கலாம்.

தூணிலிருந்து ரயில் நிலையத்துக்குத் திரும்ப ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும், அம்மா. அக்டோபர் என்றால் நான்கு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். இருட்டிய பிறகு அந்தப் பாதைகளில் விளக்கு இல்லை.